குப்பம்மாளுக்கு வந்த நாலு பெயர்கள்

“குப்பம்மான்னு எழுதிக்கோ சாமி,” என்றான் இருசப்பன், வாசற்படிக்கு வெளியே நின்றபடி.

பிறப்பு இறப்புப் பதிவு குமாஸ்தா சுந்தரவரதனின் பேனா காகிதத்துக்கு அரை அங்குலம் மேலே அந்தரத்தில் நின்றது. காதில் விழுந்த வேகத்திலேயே ‘பெண்’ என்று ஒரு கட்டத்தைப் பூர்த்தி செய்துவிட்ட கை, அடுத்த கட்டத்தில் அந்தப் பெயரை எழுத மறுத்தது.

“குப்பையா?” என்றார்.

“ஆமாங்க சாமி. குப்பதான்.”

அவர் பேனாவை மூடினார். கதவோரம் முக்காலியில் தூங்கிக்கொண்டிருந்த பியூன் கோபால் நிமிர்ந்து உட்கார்ந்தான். சுந்தரவரதன் பேனாவை மூடினால் பிரசங்கம் ஆரம்பம் என்று அர்த்தம்.

உத்திரமேரூரிலிருந்து மூன்று மைல் தள்ளியிருந்த அந்தப் பஞ்சாயத்து ஆபீசுக்கு அவர் மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியும், ஒரு கூஜாவும், ஒரு தடித்த நோட்டுப் புத்தகமும் கொண்டுவந்தார். நோட்டின் அட்டையில் ‘சர்வதேச ஸ்திரீ நாம கோசம்’ என்று சிவப்பு மையில் எழுதி, அடியில் தன் பெயரை அதைவிடப் பெரிதாக எழுதியிருந்தார். உள்ளே ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பெண் பெயர்கள். கிரேக்கம், எபிரேயம், அரபி, லத்தீன் என்று பிறந்த இடம், அதற்கெதிரே பொருள், அதற்கெதிரே நம்மூர்ப் பெயர். இருபது வருஷ உழைப்பு. அந்த இருபது வருஷமும் அரசாங்கம் வேறு வேலைக்காகச் சம்பளம் கொடுத்துவந்தது.

ஊர் அவரைப் பார்த்து வாய் பிளந்தது. நியாயமாகவே பிளந்தது. மார்கரெட் என்றால் முத்து, ஆகவே மார்கரெட்டும் முத்தம்மாளும் ஒன்று என்று அவர் சொன்ன அன்று கோபாலுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் மனைவி பெயர் முத்தம்மாள். அன்றிலிருந்து அவளிடம் தண்ணீர் கேட்கும்போது அவன் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. சூசன்னா என்றால் அல்லிப் பூ. சோபியா என்றால் ஞானாம்பாள். ஐரீன் என்றால் சாந்தா. பனி கொட்டுகிற தேசத்தில் ஒருத்தி, மணல் காய்கிற தேசத்தில் ஒருத்தி, நம்மூர்க் களத்துமேட்டில் ஒருத்தி. ஒருத்தி பேச்சு ஒருத்திக்குப் புரியாது. ஆனால் பிள்ளையை மடியில் போட்டதும் மூன்று பேர் வாயிலும் முத்து, பூ, அமைதி என்று ஒரே சொல்தான் வருகிறது. சுந்தரவரதன் இதைச் சொல்லும்போது தற்பெருமையை ஒரு நிமிஷம் மறந்துவிடுவார். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே டீக்கடையில் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடியது.

அப்பேர்ப்பட்டவருடைய ரிஜிஸ்டரில் குப்பையா?

“இருசப்பா, பேருங்கறது மந்திரம் மாதிரி. அதன் பொருள்தான் குழந்தையோட ஆயுசு. தெரியுமோ உனக்கு?”

ஆயுசு என்றதும் இருசப்பன் முகம் மாறியது. தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது.

“அதுக்குத்தான் சாமி ஓடியாந்தேன். மூணு பொறந்து மூணும் தங்கல. இது நாலாவது. இதுனாச்சும் தங்கணும். பெத்தவ செல்லாயி படுத்த படுக்கையா இந்தப் பேர எழுதிக்கினு வான்னு சொல்லிக்கீது.”

சுந்தரவரதனுக்கு மனம் இளகியது. மூன்று குழந்தைகள் போனதற்குக் காரணம் இவர்கள் வைத்த பெயர்கள்தான் என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. வீட்டில் குப்பம்மா என்று கூப்பிட்டுக்கொள், ரிஜிஸ்டரில் நல்லதாக ஒன்று இருக்கட்டும் என்று சமாதானம் சொன்னார்.

“வூட்ல இன்னா வேணாக் கூப்டுவோம் சாமி. நோட்டுலதான் அது இருக்கணும்.”

இது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. அரசாங்கப் பதிவேட்டின் மேல் இந்த ஜனங்களுக்கு இருக்கும் பக்தியை மெச்சிக்கொண்டே பேனாவைத் திறந்தார். உலகத்துக்கே தாய் என்று பொருள்படும்படி, முத்து முத்தாக, ‘ஜகதாம்பாள்’ என்று எழுதினார்.

எழுதியதைப் படித்துக் காட்டினதும் இருசப்பன் படியைப் பிடித்துக்கொண்டான். ஜகதாம்பாள் என்பது அவன் வேலை செய்யும் நிலக்காரர் ஸ்வாமிநாதனுடைய சம்சாரத்தின் பெயர். நாளைக்குக் களத்தில் நின்று, ஜகதாம்பா இங்க வா, மூக்கைச் சிந்து என்று செல்லாயி கூப்பிட்டால் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போகவேண்டியதுதான். அவன் இதை விளக்கி முடிப்பதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. கோபால் டீ வாங்கப் போன இடத்தில் பெயரின் மகிமையை விளக்கியிருந்தான். ஸ்வாமிநாதனின் ஆள் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தான். டீ வருவதற்கு முன்னால், இருசப்பன் நாளை முதல் நடவுக்கு வரவேண்டாம் என்ற செய்தி வந்துவிட்டது.

சுந்தரவரதன் சிவப்பு மையால் ஜகதாம்பாளை அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார். பெயர் அடிபட்டது என்று நேரில் போய்ச் சொல்லிவிட்டு வரக் கோபாலை விரட்டினார். அவன் போய் விழுந்து கும்பிட்டு, நடவு வேலையை மீட்டுக்கொண்டு வந்தான்.

“உள்ளூர்ப் பேரே வேண்டாம்,” என்று சுந்தரவரதன் தீர்மானித்தார். “உலகம் பெரிசு.”

நோட்டைப் புரட்டினார். உயிர் என்றே பொருள் வரும் பெயர்களுக்கு ஒரு தனிப் பக்கம் இருந்தது. எபிரேயத்தில் ஏவாள். அரபியில் ஆயிஷா, வாழ்கிறவள். கிரேக்கத்தில் ஸோயி. மூன்று தேசத்துத் தாய்மார்களும் சாவுக்குப் பயந்து ஒரே பெயரைத்தான் தேடியிருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது, வாசலில் நின்ற இருசப்பனின் உதடும் லேசாக அசைந்தது. அவனுக்கு அவர்களைத் தெரியும்போல.

‘ஸோயி’ என்று எழுதினார். இருசப்பன் செல்லாயியிடம் கேட்டுவர ஓடினான். காலனி ரெண்டு பர்லாங் தூரம். திரும்பி வந்தவன் மூச்சு வாங்கத் தலையாட்டினான்.

“வாணாமாம் சாமி. உசுருன்னு எழுதி வெச்சா, இந்தா இங்க ஒரு உசுரு கீதுன்னு நாமளே கூப்ட்டு காட்ன மாதிரி ஆயிடுமாம்.”

“யாருக்குக் காட்டறது?”

இருசப்பன் மேலே பார்த்தான். கீழே பார்த்தான்.

ஸோயியும் அடிபட்டாள். இன்னொரு சின்னக் கையெழுத்து. மணி ஒன்று. மூன்று மணிக்கு ரிஜிஸ்டரைப் பார்வையிட பிளாக் ஆபீசர் வருவதாக இருந்தது. பதிவேட்டில் ஒரு அடித்தல் இருந்தால் கேள்வி. ரெண்டு இருந்தால் எழுத்துமூலம் விளக்கம். இதைச் சுந்தரவரதன் இந்த நேரத்தில் நினைத்துப் பார்க்காமல் இருந்திருக்கலாம். நினைத்ததால் அடுத்த பெயருக்கு அவசரப்பட்டார்.

பயமுறுத்தாத பெயராக, பூவாக ஒன்று போட்டுவிடுவது என்று முடிவு செய்தார். ‘டெய்ஸி’ என்று எழுதினார். பகல் வந்தால் விரிந்து, இரவு வந்தால் மூடிக்கொள்ளும் பூ. பகலின் கண் என்பதுதான் அந்தப் பெயருக்கு வேர். கண்விழித்ததும் வெள்ளைக்காரன் முதலில் பார்த்தது அதைத்தான் போலிருக்கிறது என்று வியந்து, அந்தப் பெயரை மூன்று தரம் ராகத்தோடு உச்சரித்தார்.

மூன்றாம் தரம் உச்சரித்தபோது ஒரு நாய் உள்ளே வந்தது.

வெள்ளை நாய். கழுத்தில் தோல்பட்டை. நேராக மேஜைக்கு வந்து, வாலை ஆட்டி, அவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தது. கோபால் எழுந்து நின்று சலாம் போட்டான். பிளாக் ஆபீசரின் நாய் அது. பேர் டெய்ஸி. ஆபீசர் முன்கூட்டியே வந்து பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று அதிலிருந்து தெரிந்தது.

“நாய்க்கு வெச்ச பேரா சாமி?” என்றான் இருசப்பன்.

அவன் கோபமாகக் கேட்கவில்லை. யோசனையாகக் கேட்டான். ஒரு கணம் அவனுக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டதுபோலக்கூட இருந்தது. ஆனால் ஆபீசரின் நாய்க்கு ஆட்டிறைச்சி போடுகிறார்கள், ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், அவ்வளவு செல்லமாக இருந்தால் ஊர்க் கண்ணெல்லாம் அதன் மேல்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வேண்டாம் என்றான்.

பூவின் பெயரும் அடிபட்டது. சுந்தரவரதன் இருபது வருஷத்தில் முதல் தடவையாக நோட்டைப் பதற்றத்தோடு புரட்டினார். ஆடம்பரம் கூடாது, செல்லம் கூடாது, உயிர் என்று இருக்கக் கூடாது. உர்சுலா என்றால் பெண் கரடி. அது வேண்டாம், பயமாக இருக்கும். ராகேல் என்றால் பெண் ஆடு. சாதுவான பிராணி. எபிரேய தேசத்தில் ஆயிரக்கணக்கான வருஷமாக நல்ல குடும்பத்துப் பெண்களுக்கு வைத்துவருகிற பெயர். அடித்தல்களுக்கு மேலே இடம் கண்டுபிடித்து எழுதினார்.

ஆடு என்று கேட்டதும் இருசப்பன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைக் கோபால்தான் கெடுத்தான்.

“ஆடி மாசத்துல மொதல்ல வெட்றது அதத்தானே சார்?”

ராகேலும் அடிபட்டாள். நாய் மேஜைக்கடியில் படுத்து மூச்சுவிட்டது. பதிவேட்டில் அந்த வரி, மழைக்கு முந்திய வானம் மாதிரி கறுத்துச் சிவந்து கிடந்தது. நாலு பெயர், நாலு அடித்தல், நாலு சின்னக் கையெழுத்து.

சுந்தரவரதன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

“இருசப்பா, என்கிட்டே ஆயிரத்து நூறு பேர் இருக்கு. உலகத்தில் ஒரு ஜாதி ஜனம்கூடப் பெத்த குழந்தையைக் குப்பைன்னு சொன்னதில்லை. நீ ஏன் சொல்றே? எனக்குப் புரியும்படியாச் சொல்லு. எழுதிடறேன்.”

இருசப்பன் படியிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சொல்வதற்கு முன் வெளியே ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்.

“முத்துன்னா எடுத்துக்கினு போயிடுவான். பூன்னா பறிச்சிக்கினு போயிடுவான். ராணின்னா தேடிக்கினு வருவான். குப்பய எவன் சாமி திருடிக்கினு போவான்?”

சுந்தரவரதன் ரொம்ப நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபாலுக்கு அவரை அப்படிப் பார்த்துப் பழக்கமில்லை. கிரேக்கனும் அரபியனும் லத்தீன்காரனும் குழந்தையை உலகத்துக்குக் காட்டுவதற்காகப் பெயர் வைத்தார்கள். தம் நாம கோசம் முழுவதும் காட்டுவதற்கான பெயர்கள்தான். மறைப்பதற்கென்று ஒரு பெயர் உண்டு என்பது ஆயிரத்து நூறு பெயர்களிலும் அவருக்குத் தட்டுப்படவில்லை. எழுத்துத் தெரியாத ஒருத்தி, படுத்த படுக்கையில், உலகத்திலேயே விலைமதிப்பில்லாத ஒன்றை எடுத்து, விலையே இல்லாத ஒன்றுக்குள் வைத்து மூடியிருக்கிறாள். அவர் நோட்டைத் திறந்து, கடைசிப் பக்கத்தில், பிறந்த இடம் என்ற கட்டத்தில் ‘இவ்வூர்’ என்று எழுதி, பொருள் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அதைக் காலியாக விட்டார்.

பிறகு ரிஜிஸ்டரை இழுத்து, வரியின் ஓரத்தில் மிஞ்சியிருந்த துளி இடத்தில், அதுவரை எந்தப் பெயருக்கும் எடுத்துக்கொள்ளாத சிரத்தையோடு ‘குப்பம்மாள்’ என்று எழுதினார். ஆபீசர் கேட்டால் கேட்கட்டும். விளக்கம் என்ன, சம்பளத்தையே பிடித்தாலும் பிடிக்கட்டும்.

இருசப்பன் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். இம்முறை ஓட்டம் வேறு மாதிரி இருந்தது.

பிரசவம் பார்த்த மருத்துவச்சி பிறப்புப் பதிவில் கைநாட்டு வைக்கவேண்டும் என்பது விதி. இரண்டரை மணிக்குச் சிட்டம்மாள் வந்தாள். முப்பது வருஷமாக அந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளைப் பூமிக்கு இறக்கிவிடுகிறவள். சுந்தரவரதன் அவளுக்கு முக்காலி போடச் சொன்னார். இதுவரை அவர் யாருக்கும் போடச் சொன்னதில்லை. செல்லாயியின் அறிவை அவளிடம் நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டு, விதிப்படி பதிவைப் படித்துக் காட்ட எழுந்து நின்றார். உணர்ச்சி மிகுதியில் குரல் தெருவரைக்கும் கேட்டது.

“தகப்பன் பெயர் இருசப்பன். தாயார் செல்லாயி. குழந்தை, பெண். பெயர், குப்பம்மாள்.”

சிட்டம்மாள் கட்டைவிரலில் மையைத் தடவிக்கொண்டு, வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் காதோரம் குனிந்தாள்.

“அப்பிடியே இருக்கட்டும், மெதுவாப் படி சாமி. பொறந்தது ஆம்பளப் புள்ளதான். மூணு பசங்களத் தூக்கிக்கினு போனவன் இதுக்கும் தேடிக்கினு வந்தா, சாவுக் கணக்கு எழுதற உன் நோட்டத்தான மொதல்ல பொரட்டிப் பார்ப்பான்?”