துரையைத் தராசில் ஏற்றியது யார்

சுங்கை சிப்புட்,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சன்னாசி மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை கலாதேவியின் கணவன் பிச்சைமுத்து பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு என்னைத் தவிர அனைவரும் நலம். சிலிம் ரிவரில் தாங்களும் செல்லாயி அக்காவும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தக் கம்ப்யூட்டர் பிடித்துவிடுமோ என்று பயம். எந்தக் கம்ப்யூட்டர் என்று கீழே சொல்கிறேன்.

என் மகள் தினேஸ்வரி ஈப்போவில் முதுகலைப் படிப்புக்கு ரப்பர் எஸ்டேட் ஆட்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறாள் அல்லவா. போன வருஷம் ஒருநாள் போனை என் முன்னால் வைத்துப் பதிவு செய்துகொண்டு, "அப்பா, தாத்தா எஸ்டேட்ல என்னா செஞ்சாரு, சொல்லுங்க" என்றாள். என் அப்பா முப்பத்தெட்டு வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், துரை வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்றார், செத்துப்போனார். அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை மச்சான். பிள்ளை ஆசையாக என் முகத்தையே பார்க்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாக்கு புரண்டு, மாமா கதையை, அதாவது உங்கள் அப்பா கதையை, என் அப்பா பேரில் எடுத்து விட்டுவிட்டேன். அதான், பால் நிறுக்கிற தராசு பொய் சொல்கிறது என்று மாமா துரையையே அதில் ஏற்றி நிறுத்த, அவ்வளவு பெரிய ஆளுக்கு அது பள்ளிக்கூடப் பிள்ளை எடை காட்ட, மறுநாளே புதுத் தராசு வந்த கதை. கல்யாணம் கருமாதி என்று நீங்கள் இருபது தடவை சொல்லிக் கேட்டதால் ஒரு வார்த்தை சிந்தாமல் வந்துவிட்டது.

வினையே அதில்தான். அவளுக்கு வழிகாட்டுகிற டாக்டர் மீனாள் ஆய்வேட்டை ஒரு கம்ப்யூட்டருக்குள் விட்டிருக்கிறார். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று கண்டுபிடிக்கிற கம்ப்யூட்டராம். அந்த அத்தியாயம் முழுக்கச் சிவப்புக் கோடு போட்டுவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன் பவித்ரன் என்ற மாணவன் எழுதிய கட்டுரையில் அதே துரை, அதே தராசு, அதே பள்ளிக்கூடப் பிள்ளை. சொன்னவர் சிலிம் ரிவர் சன்னாசி, நீங்கள்தான். திருட்டு என்று முடிவானால் பட்டம் கிடையாது. திங்கட்கிழமை பத்து மணிக்குக் குழு விசாரிக்கிறது, தகவல் சொன்ன ஆளும் வர வேண்டுமாம். நான் சொல்வதெல்லாம் உண்மை என்று பாரத்தில் கையெழுத்துப் போட்டு அடையாளக் கார்டு நம்பர் வேறு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரோட்டில் போலீஸ் வண்டி போனால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறேன். பதினொரு வருஷமாகக் கையுறைத் தொழிற்சாலையில் ஜாகா வேலை, கேட்டில் காவல் நின்று வெளியே போகிறவர்கள் பையைத் திறந்து பார்ப்பதுதான் என் பிழைப்பு. இன்று ஒரு நேப்பாளக்காரர் பையைத் திறந்து காட்டினார், நான் பதிலுக்கு என் பையைத் திறந்து அவருக்குக் காட்டினேன். அவர் "சாக்கிட்டா, அங்கிள்?" என்று என் உடம்பை விசாரிக்கிறார்.

நேற்று தினேஸ்வரி, "அப்பா, இது நம்ப தாத்தா கதைதானே? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்லா, நான் தைரியமா நிப்பேன்" என்றாள். ஆமாம்மா என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவள் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறேன்.

ஆகவே மச்சான், உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். அந்த ஒரே துரை முதலில் உங்கள் எஸ்டேட்டிலும் அப்புறம் எங்கள் எஸ்டேட்டிலும் தராசில் ஏறினார் என்று சொல்லிவிடுங்கள். துரை கொஞ்சம் மந்தமான ஆள், ஒருதரம் பட்டும் புத்தி வரலைன்னு சொன்னா நம்புவாங்க. நம்பாவிட்டால், திருடியது நான், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுங்கள். என்னை உள்ளே தள்ளினாலும் பரவாயில்லை, அவள் படிப்பு வீணாகக் கூடாது.

படித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். கலாவுக்கு மூச்சு விடாதீர்கள். செல்லாயி அக்காவின் முழங்கால் வலி சீக்கிரம் தீரட்டும். மாமா மேலே இருந்து என்னை மன்னித்து எல்லோரையும் ஆசீர்வதிக்கட்டும்.

நடுக்கத்துடன்,
பிச்சைமுத்து

பி.கு.: அஞ்சலில் போடுவதற்குள் தினேஸ்வரி இதைப் பார்த்துப் படித்துவிட்டாள். அழுதாள், திட்டினாள், பிறகு டாக்டர் மீனாளுக்குப் போன் போட்டு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். உண்மையைக் குழுவிடம் சொல்லி அத்தியாயத்தைத் திருத்தினால் பட்டத்துக்கு ஆபத்தில்லை என்றாராம். ஆனால் மூலம் யார் என்று உறுதி செய்ய, பல்கலைக்கழகத்தில் இருக்கிற பழைய ஒலிநாடாக்களைக் கேட்டிருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் பதிவு செய்த ஒன்றில் பாகான் செராய் ராக்காயி என்ற அம்மா, துரையைத் தராசில் ஏற்றியது தான்தான் என்கிறார். இன்னும் இருக்கிறார், வயது எண்பத்தெட்டு. தினேஸ்வரி போனில் பிடித்து, உங்கள் அப்பா பேரைச் சொல்லித் தெரியுமா என்று கேட்டாள். "ஏன் தெரியாது? எனக்குப் பின்னாடிதான் வாளியோட நின்னாரு. தொரை தராசுல ஏறுனதும் பயந்து வாளியைப் போட்டுட்டு ஓடிட்டாரு" என்றாராம். திங்கட்கிழமை அந்த அம்மா நேரில் வருகிறார். டாக்டர் உங்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார், மச்சான்.