கோரைப்பாய் படுத்துப் பார்த்த வீடுகள்

காஞ்சிபுரத்தில் கோரைப்பாய் படுத்துப் பார்க்காத வாடகை வீடு கிடையாது. வீடில்லாதவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் காப்பகத்தில் அவர் மூத்த ஊழியர், நான் அவருக்குக் கீழே. கக்கத்தில் சுருட்டிய பாயோடு நுழைவார். வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் விரித்து மல்லாந்துவிடுவார். அதனால் ஊருக்கே அவர் கோரைப்பாய்; பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

"என்னா சார், தூங்க வந்தியா, வூடு பாக்க வந்தியா?" என்பார்கள்.

"நின்னுக்கினு பாத்தா எல்லா வூடும் நல்லாதான் இருக்குது," என்பார் கண்ணைத் திறக்காமல்.

"எந்த ஆளுங்க?" என்று சாதியை மோப்பம் பிடிப்பவர்களிடம் மட்டும் எழுந்து உட்காருவார். "வாடகை குடுக்கிற ஆளுங்க." மறுபடி படுத்துக்கொள்வார். ஒருவர் போலீசையே கூப்பிட்டுவிட்டார். வந்த ஏட்டையாவுக்கு அடுத்த மாதம் இவர்தான் வீடு பார்த்துக் கொடுத்தார்.

எங்கள் படிவம், தெருவில் படுப்பவரிடம் முகவரிச் சான்று கேட்டது. அதைத் தயாரித்த புண்ணியவான் கையில் கிடைத்தால் இன்றைக்கும் விடமாட்டேன். கோரைப்பாய் அந்தக் கட்டத்தில் காப்பகத்தின் விலாசத்தையே எழுதிவிடுவார்.

அவர் ஒரு வாரம் லீவு போட்டபோது, கன்னியம்மாவுக்கு நான் வீடு பார்த்தேன். கோயில் வாசலில் பூ விற்றுவிட்டு பஸ் ஸ்டாண்டில் படுப்பவர். பிள்ளையார்பாளையத்தில் ஓர் அறை. குழாய், லைட், எல்லாம் சரி. நடுவில், முன்பு நெய்தவர் காலை இறக்கி உட்கார்ந்த பழைய தறிக்குழியைப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

குடியேறிய நாலாம் நாள் கன்னியம்மா மறுபடி பஸ் ஸ்டாண்டில். 'பயனாளிக்கு வீட்டில் வசிக்க விருப்பமில்லை' என்று ஃபைலில் எழுதினேன். அந்த வரிக்காக என்னையே நாலு அறை விடலாம். "இவங்களுக்குத் தெருதான்பா சுகம்," என்றார் மேலதிகாரி. ஃபைலை மூடச் சொன்னார். மூடினால் அந்த அம்மாவுக்கு இன்னொரு வீடு கிடையாது.

லீவு முடிந்து வந்த கோரைப்பாய் அந்த வரியைப் படித்தார். என்னை அந்த அறைக்கு இழுத்துப் போனார். அந்த வாரம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது.

"படு."

படுத்தேன். பலகை அமிழ்ந்தது. குழியில் ஊறிய தண்ணீர் முதுகை நனைத்தது. கொசு வேறு.

"அந்தம்மாவ ஒரு வார்த்த கேட்டியா?"

"இல்ல சார்."

"மழ வந்தா குழில தண்ணி ஊறும்னு தறிக்காரன் ஊர்ல பொறந்த உனக்குத் தெரியாது? அவனே எறங்கமாட்டான். அதுமேல ஒரு பொம்பளயப் படுக்கவெச்சிட்டு, விருப்பமில்லைன்னு எழுதுறியா? பேனாவ ஒடச்சிப் போடு."

மேலதிகாரியின் மேசையிலேயே உட்கார்ந்து, என் வரியை அடித்துவிட்டு 'தவறு எங்களுடையது' என்று எழுதினார். மேலதிகாரி கத்திய கத்தலில் பக்கத்து ஆபீஸ் எழுந்து வந்தது. ஃபைல் மூடப்படவில்லை.

பிறகு கன்னியம்மாவிடம் கேட்டார். "மேட்டுல இருக்கணும் சார். பூ கட்ட வெளிச்சம் வோணும்." ஆறு வீடு படுத்துப் பார்த்தார். ஏழாவதில் கன்னியம்மாவையே படுக்கச் சொன்னார். அந்தம்மா ஒரு மணி நேரம் தூங்கிவிட்டார். நாங்கள் வெளியே நின்றோம்.

குடியேற்றியதோடு விடமாட்டார், மாதாமாதம் போய் விசாரிப்பார். மூன்றாம் மாதம் தட்டியபோது கன்னியம்மா எட்டிப் பார்த்தார்.

"கொழம்பு கொதிச்சிக்கினு இருக்குது சார். நாளைக்கி வாங்க."

கதவு சாத்திக்கொண்டது. எனக்குச் சுருக்கென்றது. "இவ்ளோ செஞ்சும் பாருங்க சார்," என்றேன்.

"அவங்க வூடுபா. நாளைக்கின்னா நாளைக்கிதான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அங்கேயே அந்த மனிதரைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். பிடிக்காமல் விட்ட கோபம் எனக்கு என்மேல் இன்னும் ஆறவில்லை.