சாமி அலமாரியில் குறையாத நெய்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இறைவன் அருளால் இங்கே எல்லோரும் சௌக்கியம். போன கடிதத்தில் இதே வரியைப் பயந்துகொண்டே எழுதினேன். இந்த முறை உன் அத்தானின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தைரியமாக எழுதுகிறேன். கொழுப்பு இறங்கிவிட்டது. "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம்மா" என்று டாக்டரம்மா சொன்னதும் எனக்கு வந்த நிம்மதியில் குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

உனக்கும் அதே கொழுப்பு ஏறியிருப்பதாகவும், அத்தானுக்கு எந்த எண்ணெயில் சமைத்தேன் என்று சொன்னால் அதையே வாங்கிவிடுவதாகவும் எழுதியிருந்தாய். உன் பெண்டாட்டி பையும் கையுமாக நிற்கிறாளாம். கொஞ்சம் பொறுக்கச் சொல்.

முதலில் நான் வாங்கியது சூரியகாந்தி எண்ணெய். மாடி வீட்டு வாத்தியார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து பத்திரிகையில் உடம்புச் செய்தியாக வெட்டி வைப்பவர், படியிறங்கி வந்து, "அதைக் கையால தொடாதீங்கம்மா, தேங்காயெண்ணெய்க்கு மாறுங்க" என்றார். மாறினேன். அடுத்த வாரம் இன்னொரு துண்டுக் காகிதத்தோடு வந்து, "தேங்காயெண்ணெயா? யார் சொன்னது?" என்கிறார். "நீங்கதான் சார் சொன்னீங்க" என்றேன். "அது போன வார ஆராய்ச்சிம்மா" என்கிறார். நடுவில் என் மகள் ஆலிவ் எண்ணெயோடு வந்து இறங்கினாள். விலையைக் கேட்டதும் எனக்கே ரத்தம் தலைக்கேறியது. "இதுல பொரிக்காதம்மா, மேல லேசா தெளிச்சுக்கணும்" என்றாள். "தெளிக்கிறதுக்கு இது என்னடி பன்னீரா?" என்றேன். நல்லெண்ணெய், கடலையெண்ணெய் என்று பாட்டில்கள் சேர்ந்து அடுப்பு மேடையைப் பிடித்துக்கொள்ள, உப்பு ஜாடி ஜன்னலுக்குக் குடிபோய்விட்டது. உன் அத்தானோ, "எதுலயாவது எனக்கு ஏதாவது பொரிச்சுக் குடுத்துட்டு அப்புறம் சண்டை போடுங்களேன்" என்று தட்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு வெறுத்துப்போய், எல்லா பாட்டிலையும் மூடி வைத்துவிட்டுத் தண்ணீரில் தாளித்தேன். கடுகு வெடிக்கவில்லை, மிதந்தது. ஒரு வாய் வைத்தவர், "இது சாப்பாடா, தண்டனையா?" என்றார். "ரெண்டும்தான். பேசாம சாப்பிடுங்க" என்றேன். அன்றோடு வீட்டில் வடை, அப்பளம் பொரிப்பதும் நின்றது.

ஆனால் மனிதர் மாறிவிட்டார் தம்பி. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது, நான் நம்பவே இல்லை. நாற்காலியோடு ஒட்டிப் பிறந்தவர் மாதிரி இருந்தவர், சாயங்காலமானால் தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய் வியர்க்க விறுவிறுக்க வருகிறார். நானும் வரட்டுமா என்றால், "உனக்கு முட்டி வலிக்கும்மா, நீ இரு" என்று அத்தனை கரிசனம்.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. சமையலில் நெய்யை நிறுத்தியபோது, சாமி விளக்குக்கென்று ஒரு ஜாடி மட்டும் அலமாரியில் எடுத்து வைத்தேன். தினமும் ஏற்றுகிறேன், நெய் குறையவே இல்லை. நான் கணக்கில் ஏமாறுகிறவள் இல்லை என்பது உனக்கே தெரியும். ஒரு கரண்டி சர்க்கரை குறைந்தாலும் யார் எடுத்தது என்று கேட்பவள். ஒரு நாள் முந்தின நாளைவிட மேலே ஏறியே இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார். மாதச் செலவுக் கணக்கில் நெய் என்ற வரியையே அடித்துவிட்டேன்.

ஆகையால் தம்பி, எண்ணெய்களை நம்பாதே. ஒரு ஜாடி நெய்யைச் சாமிக்கு வை. உன்னையும் அவர் பார்த்துக்கொள்வார். நீயும் உன் வீட்டாரும் நோய்நொடியின்றி நெடுநாள் வாழ வேண்டிக்கொள்ளும்

உன் அக்கா.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குமுன் நன்றி சொல்லி ஒரு விளக்கு ஏற்றலாம் என்று போனேன். உன் அத்தான் அலமாரி முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கும்பிடுகிறாரே என்று நானும் பின்னால் கைகூப்பி நின்றேன். திரும்பினார். வாயில் ஸ்பூன், கையில் நெய்ப் பாக்கெட்.

தினமும் ஒரு ஸ்பூனாம். தெருமுனைக் கடைக்காரர் என்னிடம் சொல்லிவிடுவார் என்று பயந்து, பாலத்துக்கு அந்தப் பக்கக் கடைக்கு நடந்து போய் வாங்கி வருகிறாராம். "குறைஞ்சா நீ கண்டுபிடிச்சிடுவே. அதான் கொஞ்சம் தாராளமா ஊத்தி வெச்சேன்" என்கிறார். "சாமி நெய்யாச்சே, கை கூசலையா?" என்றேன். "எடுத்ததைவிடக் கூடத்தானே குடுத்திருக்கேன். அவர் ஒண்ணும் சொல்லலையே."

கத்த வாயெடுத்தேன். மேஜைமேல் அந்தச் சீட்டு கண்ணில் பட்டது. கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்து தொலைத்துவிட்டது. டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்து சொன்னேன். அவர் சிரித்து ஓய்ந்து, "பொரிச்சதை விட்டதும் நடந்ததும்தாம்மா அவரைக் காப்பாத்தியிருக்கு. நடையை விட வேணாம். நெய்யை மட்டும் சாமிக்கே விட்டுடச் சொல்லுங்க" என்றார்.

ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு. பிடித்த எண்ணெயை வாங்குங்கள், கொஞ்சமாக ஊற்றுங்கள். கடைக்கு உன் பெண்டாட்டி போக வேண்டாம், நீ போ. அதுவும் தூரத்துக் கடைக்கு.

நெய் ஜாடி இப்போது என் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. நாளை முதல் நானும் கூட நடக்கப் போகிறேன். "முட்டி வலிக்குமே" என்றார். வலிக்கட்டும் என்றேன்.