எதிர்த் தரப்பு யார் என்று சொல்ல மறுக்கிறார்கள்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதித்தான் கைக்குப் பழக்கம். அதனால் எழுதிவிட்டேன், நம்ப வேண்டாம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல்லவும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன திங்கட்கிழமை உயில் எழுதி வைக்கலாம் என்று ஒரு வக்கீல் ஆபீசுக்குப் போனேன். நான் கண்ணை மூடினால் வீடு உங்கள் அக்காவுக்கே போக வேண்டும், அதை அவளிடம் சொல்லாமல் செய்ய வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. வாசல் போர்டில் ‘விவாகரத்து, குடும்பத் தகராறு, உயில், கிரிமினல் வழக்கு’ என்று வரிசையாகப் போட்டிருந்தது. ஒரு மனுஷன் ஒரே நடையில் மொத்த வாழ்க்கையையும் முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம். வக்கீலம்மா என் பெயரையும் விலாசத்தையும் கம்ப்யூட்டரில் தட்டினார். தட்டியவர் முகம் மாறிவிட்டது.

“சாரி சார், உங்களுக்கு எங்களால ஆலோசனை சொல்ல முடியாது. உங்க எதிர்த் தரப்பு எங்க கட்சிக்காரர்.”

“எனக்கு ஏதும்மா எதிர்த் தரப்பு? யாரு அது?”

“அதைச் சொல்லக் கூடாது சார்.”

கிரிமினல் கேஸ்தான், சந்தேகமே இல்லை. முப்பத்தோரு வருஷம் புகார்ப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். கோபக்காரர் கோர்ட்டுக்குப் போகுமுன் நேரில் போய் மன்னிப்புக் கேட்டால் பாதி கேஸ் தீர்ந்தது என்று எனக்குத் தெரியாதா? நேரே எங்கள் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும் தையல்காரரிடம் போய், “அண்ணே, உங்க போர்டு மேல மாடியிலேர்ந்து தண்ணி ஊத்தினது நான்தான்” என்று ஒப்புக்கொண்டேன். மனுஷர் இத்தனை நாளாய் அதை மழை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். அடுத்து, பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சர். பாட்டை நிறுத்தச் சொல்லி மொட்டைக் கடிதம் போட்டது நான்தான் என்றேன். “அட பாவி மனுஷா! அது என் தங்கச்சி வீட்டுக்காரர் வேலைன்னு நெனச்சு அவரோட ஆறு மாசமா பேச்சு வார்த்தையே இல்லையே!” என்று தெருவே கூடும்படி கத்தினார். இப்போது இரண்டு பேரும் நிஜமாகவே வக்கீல் தேடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து உங்கள் அக்காவிடம் புலம்பினேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“எல்லார்கிட்டயும் கேட்டாச்சா?” என்றாள்.

“ஒருத்தர் விடாம கேட்டுட்டேன்.”

“சரி” என்று அடுத்த துணியை எடுத்தாள்.

பழைய புகார் ஏதாவது அகப்படுமா என்று மேஜை மேல் சீட்டுகளைக் குத்திவைக்கும் கம்பியைக் குடைந்தேன். உங்களுக்குத் தெரியாததல்ல, ஆபீஸ் பழக்கதோஷம், வீட்டிலும் அவள் எதைச் சொன்னாலும் “எழுதிக் குடு, பாக்கலாம்” என்பேன். அவளும் எழுதிக் கொடுப்பாள், நான் கம்பியில் குத்திவைப்பேன். சண்டை சச்சரவே கிடையாது. ‘சமையலறை ஜன்னல் மூட மாட்டேன் என்கிறது.’ ‘காது வலி, டாக்டரிடம் கூட்டிப் போகவும்.’ ‘இன்று என்னோடு கொஞ்சம் பேசவும்.’ எல்லாவற்றிலும் என் கையெழுத்தில் ‘பார்வையிட்டேன்’ என்று இருந்தது. கடைசிச் சீட்டுக்கு இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. குறையெல்லாம் தீர்ந்தது என்று நான் பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருக்கிறேன், மாப்பிள்ளை. எப்பேர்ப்பட்ட மடையன்!

அந்தக் கட்சிக்காரர் அவள்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது. நீங்கள் தற்செயலாக வந்தது போல் வந்து அவள் மனசை மாற்ற வேண்டும். எனக்கு விஷயம் தெரியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியவே கூடாது.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, நடுவில் இருப்பவர்களுக்கு எது பொருந்துமோ அது.

இப்படிக்கு,
கதிகலங்கியிருக்கும் உங்கள் அத்தான்

பி.கு.: நீங்கள் வர வேண்டாம். மனசு கேட்காமல் இப்போதுதான் அவளிடமே கேட்டுவிட்டேன். “ஆமா, நான்தான்” என்றாள். நாளைக் காலை பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கே வருகிறாள். உங்களுக்குப் போன மாசமே தெரியுமாமே! இதை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. ஐந்து மணி நேரப் பயணம், வழியில் படித்தாலும் படிப்பாள். அவள் வந்து சேரவில்லையென்றால் தேட வேண்டாம், பாதி வழியில் இங்கேயே திரும்பியிருப்பாள்; அப்போது இந்தக் கடிதமும் உங்களுக்கு வராது, அது வேறு விஷயம். வந்து சேர்ந்துவிட்டால் ஒன்றும் கேட்காதீர்கள்; பெட்டியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ரொம்பக் கனம். தூக்கிப் பார்த்தேன்.