லெட்டர்பேடுக்கு எத்தனை ஓட்டு?

திண்டிவனத்தில் சங்கம் வைக்காத ஜாதி கிடையாது. ஆனால் ஜாதியே சொல்லாமல் சங்கம் வைத்த ஒரே மனிதர் எங்கள் லெட்டர்பேடுதான். தலைவர், செயலாளர், கொடி பிடிப்பவர், 'வாழ்க' சொல்பவர் எல்லாம் அவரே. அச்சடித்த லெட்டர்பேடு மட்டும்தான் அவருடைய பேரவையின் சொத்து; அதுவே அவருக்குப் பட்டப்பெயர்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பஸ் நிலையத்துக்கு எதிரே டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அப்போது நகராட்சியில் குழாய் இணைப்புக்குக்கூட அவரவர் சங்கத்தின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். சட்டத்தில் இல்லைதான். ஆனால் கடிதமில்லாமல் போனால் பியூன்கூட ஏறிட்டுப் பார்க்க மாட்டார்.

எங்கள் அம்மாவின் இட்லி வண்டிக்கு ஆபத்து அப்படித்தான் வந்தது. பத்து நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று நகராட்சி உத்தரவு; சங்கத்துக்காரர் ஒருவருக்கு அது தேவையாம். அம்மா வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள்; காலமான அப்பா வேறு ஜாதி. அம்மா பக்கத்துச் சங்கத்தில், "நீ அவுங்க ஊட்டுக்குப் போனவ" என்றார்கள். அப்பா பக்கத்தில், "நீ எங்க ஆளே இல்ல" என்றார்கள். வண்டி போனால் எங்கள் வீட்டில் உலை கொதிக்காது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

அது தேர்தல் நேரம். லெட்டர்பேடு எல்லாவற்றையும் கேட்டார். "பேஜாரு பண்ணிக்காத. ஜல்தியா வேட்பாளருக்கு ஒரு லெட்டர் அடி. எங்க ஜனம் யாருக்கு ஓட்டுப் போடறதுன்னு யோசிச்சிக்கினு இருக்குது. வேட்பாளர் அமாவாசை சாயந்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பாக்கலாம்."

வேட்பாளர் சென்னையிலிருந்து இறக்கப்பட்டவர். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஜனம் அங்கே பஸ்ஸுக்கு நெருக்கியடிக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கூட வந்த உள்ளூர்க் கட்சிக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் கூட்டம் சேர்த்த பெயர் தங்களுக்கும் கிடைக்கட்டுமே என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

"இவ்ளோ பேரும் உங்க ஆளுங்களா?"

"பாதிதாங்க. மீதி பேரு பஸ்ஸு ஏறிட்டாங்க."

"உங்களுக்கு ஏதாவது வாரியத்துல பதவி வாங்கித் தரவா?"

"எனக்கு வாணாங்க. அந்த இட்லி வண்டி நின்ன எடத்துலயே நிக்கணும்."

"சரி. நீங்க எந்த ஆளுங்க?"

லெட்டர்பேடு நிமிர்ந்தார். "அந்தம்மா யாருக்கும் அதக் கேட்டுக்கினு இட்லி வெக்கறதில்லீங்க. நீங்களும் கேக்காதீங்க."

மறுநாளே நகராட்சித் தலைவருக்குச் சொல்லி உத்தரவை நிறுத்தினார்கள். தேர்தல் முடிந்ததும் விஷயம் வெளியே வந்தது. சங்கத்துக்காரர்கள் லெட்டர்பேடின் சட்டையைப் பிடித்து, "உன் பேரவையில எத்தினி பேருடா?" என்றார்கள்.

"ஒரே ஆளு. முடிஞ்சா அந்த வண்டியத் தொட்டுப் பாரு."

தொடவில்லை. வண்டியைச் சுற்றிக் கையில் தட்டோடு அத்தனை ஜாதியும் நின்றிருந்தது.

அன்று மாலை கசங்கிய சட்டையோடு வந்து ஓர் அட்டையை நீட்டினார். "இனிமே ஒரே ஆளுன்னு சொல்ல முடியாதில்ல. உம் பேர அடிச்சிக்கோம்மா." உறுப்பினர் எண் இரண்டு என்று எழுதியிருந்தது.

அவர் போய்ப் பல வருடமாகிறது. பேரவையில் இப்போது நான் ஒருத்திதான். கலைப்பதாக இல்லை.