அலுமினியமும் எலுமிச்சை ஊறுகாயும்

நட்சத்திரங்களுக்குள் அலுமினியம் எப்படி அழிகிறது என்ற ரகசியத்தை உலகிலேயே முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். கண்டுபிடிப்பு மூன்று நாள் நீடித்தது.

அறுபதுகளின் நடுவில், பம்பாயில் செம்பூரைத் தாண்டி ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். வேலை நிரந்தரமானால் செம்பூரில் குவார்ட்டர்ஸ். மாட்டுங்காவில் அண்ணன் குடும்பத்தோடு ஒரே அறை, நடுவில் பழைய புடவைதான் சுவர். என் மனைவி விசாலம், இன்னும் கிடைக்காத குவார்ட்டர்ஸுக்கு ஜன்னல் திரைத் துணியே வாங்கிவிட்டாள்.

எங்கள் வேலை இதுதான்: ஓர் அலுமினியத் தகட்டின் மீது புரோட்டான்களை எறிவோம். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தெறிக்கும் காமாக் கதிர்களை எண்ணுவோம். சாதாரணமாக அணுக்கரு புரோட்டானை அண்டவிடாது. குறிப்பிட்ட சில வேகங்களில் மட்டும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டு வேறு தனிமமாகிவிடும். ஒத்ததிர்வு என்று பெயர். (ஓடும் லோக்கலில் தொற்றுவது மாதிரி. வண்டி வேகமும் உங்கள் வேகமும் பொருந்தினால் ஏறிவிடுவீர்கள். இல்லாவிட்டால் பிளாட்பாரத்தில் செருப்பைத் தேடுவீர்கள்.) நட்சத்திரச் சூட்டில் எந்தத் தனிமம் பிழைக்கும், எது அழியும் என்பது பெரும்பாலும் இந்த வேகங்களின் கையில்.

தகடுகளைத் தேய்த்துக் கழுவித் தருபவர் காதர் பாய். திருநெல்வேலிக்காரர், தாராவியில் வீடு. தரும்போதெல்லாம் ஒரே பாட்டு.

"கையால தொடாதீய சார். இடுக்கியால எடுங்க."

"எனக்குத் தெரியாதா பாய்?"

தெரியும். ஆனால் அன்று தயிர்சாதம் முடித்து வந்த அவசரத்தில் இடுக்கியைத் தேடப் பொறுமையில்லை. (கை அலம்பினேன் என்றுதான் இன்றுவரை சாதிக்கிறேன்.)

மாலையில், அலுமினியத்தின் பட்டியலிலேயே இல்லாத ஒரு வேகத்தில் எண்ணிக்கை குபீரென்று ஏறியது. மறுநாளும் ஏறியது. வேறு தகடு போட்டுப் பார்க்கலாமே என்று எந்த முட்டாளுக்கும் தோன்றியிருக்கும். நான்தான் மேதையாயிற்றே.

மூன்றாம் நாள், நிரந்தரம் செய்யும் கமிட்டி முன் என் பேச்சு. "நட்சத்திரங்களில் அலுமினியம் நாம் நினைத்ததைவிட வேகமாக அழிகிறது" என்று முடித்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருந்தேன். பிரிவுத் தலைவர் தகட்டைக் கேட்டார்.

காதர் பாய் இடுக்கியில் பிடித்துக் கொண்டுவந்தார். நடுவில், புரோட்டான் பட்டுப் பழுப்பேறி, ஒரு கைரேகை.

"ஒங்க பெருவெரலு சார். போலீஸ்காரன்கூட இம்புட்டுத் தெளிவா எடுக்க மாட்டான்" என்றவர், மோந்தும் பார்த்தார். "எலுமிச்சங்கா ஊறுகா."

"ஊறுகாயில் உப்பு, உப்பில் சோடியம். நீங்கள் சொல்லும் வேகம் சோடியத்தின் வேகம்" என்றார் தலைவர். "அழிந்தது அலுமினியமில்லை, உங்கள் மதியச் சாப்பாடு."

அப்போதும் சந்தேகம் தீராத ஒருவருக்காகப் புதுத் தகடு போட்டு ஓட்டினார்கள். (அந்த ஒருவர் நான்.) அந்த வேகத்தில் எண்ணிக்கை அசையவே இல்லை. நிரந்தரமும் குவார்ட்டர்ஸும் ஒரு வருஷம் தள்ளிப்போயின.

வீட்டில் விசாலம் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். திரைத் துணியை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். அப்புறம்தான் கேட்டாள்.

"அலுமினியம் கெடக்கட்டும். ஊறுகாயில உப்பு தூக்கலாவா இருந்தது? அதைச் சொல்லுங்கோ."

மறுநாளிலிருந்து டப்பாவில் ஊறுகாய் இல்லை, ஒரு ஸ்பூன் இருந்தது.

இன்றும் எங்கள் வீட்டில் ரசத்தில் உப்பு குறைந்தால் யாரும் உப்பு ஜாடியைத் தேடுவதில்லை. மகள் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்துகிறாள்.

"அப்பா, கட்டைவிரலை ஒரு தடவை வச்சு எடுங்கோ."