பொறு அண்ணாச்சி போடாத ஓட்டை

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், போடாத ஓட்டைகளுக்காகப் பேர் வாங்கிய மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் பொறு அண்ணாச்சி. மீன் தொட்டிக் கண்ணாடியில் குழாய்க்குத் துளை போடுவது தொழில். டிரில்லைக் கையில் எடுத்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "பொறுலே." அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருமுறை கேட்டேன். "பொறு, சொல்லுதேன்" என்றார்.

பத்துத் தொட்டிக்குக் கூப்பிட்டால் நாலில்தான் துளை போடுவார். மற்றதெல்லாம் டெம்பர் என்று திரும்பிவிடுவார்.

"டெம்பர்னா செல்லுல ஒட்டுவாங்களே, அதா அண்ணாச்சி?"

சாவுச் செய்தி கொண்டுவந்தவனைப் போல என்னைப் பார்த்தார். "இது சூட்டுல காய்ச்சி, சட்டுனு குளுர வச்ச கண்ணாடிலே. ஆளு ஏறி நின்னாலும் தாங்கும். துளை போட்டியோ, மொத்தமும் கல்கண்டாக் கொட்டிப் போவும்."

எனக்குப் பயப்படக் காரணம் தேவையில்லை. அன்று முதல் முகம் பார்க்கும் கண்ணாடியைக்கூடப் பதமாகத்தான் துடைக்கிறேன்.

டெம்பரைக் கண்டுபிடிக்க அவரிடம் இருந்த கருவி ஒரு கூலிங் கிளாஸ். துபாயிலிருந்து ஊருக்கு வந்த சிநேகிதர் கொடுத்தது; தலையைச் சாய்த்தால் சில வெளிச்சத்தை மறைத்துவிடும் போலராய்டு வகை. சாரல் கொட்டும் ஆனி மாதத்திலும் அதை மாட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துச் சாய்த்து, கண்ட கண்ணாடியை எல்லாம் பார்ப்பார். பஸ் ஸ்டாண்டில் செங்கோட்டை வண்டியின் ஜன்னல்களை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, உள்ளேயிருந்த ஓர் ஆச்சி இரக்கப்பட்டுத் தைலக் குப்பியை நீட்டினாள். "கழுத்து பிடிச்சிருக்கு போல. தேயும்யா." அண்ணாச்சி மறுக்காமல் வாங்கித் தேய்த்துக்கொண்டு, அடுத்த ஜன்னலுக்குப் போனார்.

நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் இருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய நாற்காலி. அது போய்விடுமோ என்பதுதான் என் அன்றாடக் கவலை. முதலாளி கடையநல்லூரில் ஒரு வீட்டிலிருந்து பழைய மீன் தொட்டி வாங்கி வந்தார். சீசனுக்குள் அடிப்பக்கம் துளை போட்டு, குழாய் கண்ணில் படாமல் வைக்க வேண்டும். பொறுப்பு என் தலையில். "தொட்டி உடைஞ்சா நீ நாளைக்கு வராண்டாம்" என்றார். நான் அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன்.

அவர் காலித் தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்தார். மேஜைக் கம்ப்யூட்டரின் திரையை வெறும் வெள்ளையாக்கி அதன் பின்னால் வைக்கச் சொன்னார். கூலிங் கிளாஸை மாட்டி, திரை கறுப்பாகத் தெரியும்வரை தலையைச் சாய்த்தார்.

"சாதாக் கண்ணாடின்னா கறுப்பு கறுப்பாவே இருக்கும். டெம்பர்னா உள்ள மேகம் மாதிரி வெளிறித் தெரியும்."

பக்கங்களும் பின்புறமும் தேறிவிட்டன. அடிக்கண்ணாடியை மட்டும் வெகுநேரம் பார்த்தார். பிறகு டிரில்லைப் பைக்குள் வைத்தார்.

"அடி டெம்பர். போட மாட்டேன். வேணும்னா பின்பக்கம் போடுதேன்."

"குழாய் வெளியே தொங்கும்வே" என்றார் முதலாளி. "வித்தவரு சாதாக் கண்ணாடின்னு சொன்னாரே."

"அவரு சொன்னாரு. கண்ணாடி சொல்லலையே."

முதலாளி கூலிங் கிளாஸை வாங்கி மாட்டிப் பார்த்தார். தலையைச் சாய்க்காமல் பார்த்தார். "எனக்கு ஒரு மேகமும் தெரியலை. நீரு சொல்லுததுக்கு என்னவே சாட்சி?"

"உடைச்சுக் காட்டவா?"

முதலாளி போனை எடுத்தார். "இலஞ்சியில ஒருத்தன் இருக்கான். கேள்வி கேக்காம போட்டுட்டுப் போவான்." எண்ணைத் தேடியவர் என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ பாரு. உனக்குத் தெரியுதா?"

மாட்டினேன். ஆம் என்றால் முதலாளிக்குக் கோபம். இல்லை என்றால் இலஞ்சிக்காரன் வருவான், தொட்டி உடையும், நாற்காலி போகும்.

"தெரியுது மொதலாளி. நடுவுல பெருசா ஒரு மேகம்."

அவருக்கு எதிராக நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பின்னாலேயே போட்டுத் தொலையும்."

அண்ணாச்சி களிமண்ணால் வட்டமாக வரப்பு கட்டி, தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் துளைத்தார். கீறல்கூட விழவில்லை.

தொட்டி இன்றும் அங்கேதான் இருக்கிறது, பின்னால் குழாய் தொங்க. அடி நிஜமாகவே டெம்பரா என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள உடைத்துத்தான் பார்க்க வேண்டும். "அதாம்லே இந்தத் தொழில்ல கஷ்டம்" என்பார் அண்ணாச்சி. "நான் சரியாச் சொன்னா ஒண்ணுமே நடக்காது."

நானும் அவரிடம் ஒன்றைச் சொன்னதில்லை. அன்று கூலிங் கிளாஸை மாட்டியதுமே பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மேகத்தையும் பார்க்கவில்லை, கறுப்பையும் பார்க்கவில்லை. வந்த வேலையை விட்டுவிட்டு அவர் டிரில்லைப் பைக்குள் வைத்ததைப் பார்த்திருந்தேன். எனக்கு அது போதும்.